முதலையிடம் இருக்கும் கார்டு

ஜூன் 3

எவரும் நம்பப்போகாத ஒரு சரித்திரத்தை, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியனும் பாளையங்கோட்டையின் முடிசூடா மன்னனுமாகிய சிவசைலம் இன்று எழுதத் தொடங்குகிறேன். ஆற்றில் குளிக்கையில் ஒன்பது முழ முதலை என் வலது கட்டைவிரலைக் கவ்வியது. தாடையைப் பிளந்து மீண்டேன். தெருவுக்கு இதைத்தான் சொன்னேன். சிரித்தார்கள்.

இந்த நோட்டிலாவது — விரலைப் பீரோ கதவிடுக்கில் வைத்துச் சாத்தியது என் தங்கச்சி மகன் குமரகுருபரன். மூக்குக்கண்ணாடி வாங்க என் பென்சனில் கொஞ்சம் கேட்டேன்.

"சோறு போடுதேன்லா? பொறவு எதுக்கு மாமா உமக்குத் துட்டு?"

ஏடிஎம் கார்டு மூன்று வருஷமாக அவனிடம். கதவை இரண்டு தடவை சாத்தினான். ரெண்டாவது எதுக்குலே?

ஜூன் 4

பெல்ட். முதுகு.

ஜூன் 9

வருஷத்துக்கு ஒருமுறை, நான் உயிரோடிருப்பதாக அரசாங்கத்துக்குக் கைரேகை வைக்க வேண்டும். இல்லையேல் பென்சன் நின்றுவிடும். மகாபிரபு அதை மறந்து விரலை நசுக்கிவிட்டார். ரேகைக் கருவியோடு தபால்காரி டார்லினை அவனே வரவழைத்தான். துணிக்கட்டைப் பிய்த்து, நகமில்லாத விரலைக் கருவியில் வைத்து அழுத்தினான். சீழும் ரத்தமும். கண்ணுக்குள் பதினாலு சூரியன்.

"கைய எடுலே," என்றாள் டார்லின். "எந்த விரலும் போதும். நீ போயி ஆதார் நகல் எடுத்துட்டு வா."

போனான்.

"இது என்ன அண்ணாச்சி?"

முதலைக் கதையைக் கம்பீரமாக ஆரம்பித்தேன். பாதியில் கேட்டாள்: "பென்சன் எடுக்குத கார்டு யாருட்ட இருக்கு?"

"அதுவும் அந்த முதலைகிட்டதான்."

சிரிக்கவில்லை. என் சட்டையைப் பின்னால் தூக்கிப் பார்த்துப் பைய இறக்கினாள்.

"பய பொறுப்பா பாத்துக்கிடுதான்," என்றேன்.

"இதுக்குப் பேரு பொறுப்பு இல்ல. கொள்ளை. செருப்பைப் போடுங்க, அவன் வாரதுக்குள்ள பேங்குக்குப் போயிருவோம்."

ஜூன் 10

நேற்று கார்டை முடக்கி, ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, ஏட்டையாவோடு வீடு திரும்பினோம். வாசலில் கால் வைத்ததும் அரிவாள்மணை பறந்து வந்தது. என் காதோரம் கதவில் குத்தி நின்று ஆடியது. ஏட்டையா அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார். அவன் வாயில் ரத்தம்.

"நான் இல்லாட்டா இந்தக் கெழவன் நாறிச் செத்துருவான்வே."

இருக்குமோ?

ஜூன் 14

இப்போது ஜெயிலில் இருப்பவனைப் பிடிக்க நூறு குதிரைகளில் போலீஸ் வந்தது, நான் வாளெடுத்து முன்னால் நின்றேன், பிறகு கும்பகர்ணன் மாதிரி ஆறு மாசம் தூங்கினேன் என்று தெருவில் சொல்லிவைத்திருக்கிறேன்.

இதில் நிஜம் ஒரு துளிதான். தூங்கினேன். மத்தியானம், கதவைத் திறந்துபோட்டு.