கறை போன தூக்குப்போசி

என் செல்ல அப்பாவுக்கு,

இன்று உங்கள் முதல் வருசத் திதி. உச்சிப்பொழுதுக்குள் படையல் போட வேண்டும். எடப்பாடி அத்தையும் பஸ் ஏறிவிட்டார். நானோ விடிந்ததிலிருந்து நீங்கள் சோறு கொண்டுபோன தூக்குப்போசியையும் ஸ்பேனரையும் ஜன்னலோரம் வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

பழுப்பு வண்ணம் ஒன்று மட்டும்தான். "மத்த கலரெல்லாம் தீந்துபோச்சா சாமி?" என்று கேட்பீர்கள். தீரவில்லை அப்பா. பல நிறம் இருந்தால் பளபளவென்று ஏதாவது பூசி ஒப்பேற்றிவிடுவேன். ஒரே நிறத்தில் அந்த ஏமாற்று நடக்காது.

எனக்கு வேண்டியது போசியின் கைப்பிடியில் இருந்த கிரீஸ் கறை. வடநாட்டில் ரிக்கு வண்டியோடு போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் சோற்றைத் திறப்பீர்களே, அந்தக் கட்டைவிரல் அச்சு. நீங்கள் போன பிறகு உங்கள் சாமானெல்லாம் சாக்கில் கட்டி வந்தது. பரணில் கிடந்ததை நேற்றுத்தான் இறக்கினேன். கறையைக் கடைசியில் நிதானமாக வரையலாம் என்று விட்டுவைத்துக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் போசியைக் காணோம்! வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். அம்மா கம்பி நார் போட்டுத் தேய்த்து முடித்திருந்தாள்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணுன? அப்பாவோட கை அதுல இருந்துச்சு!" என்று கத்திவிட்டேன்.

"உங்கப்பனுக்குப் படைக்கற போசிய அழுக்காவா வெப்பாங்க? அந்த மனுசன் இருந்தப்பவும் நாந்தான தேச்சேன்?"

அம்மா போசியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தூரிகையை எடுத்தேன். வெயில் நகர்ந்துவிட்டது, கறையும் போய்விட்டது, இனி எதை வரைவது? போசியை முறைத்துப் பார்த்தேன். தேய்த்துப் பளபளத்த அதன் வளைந்த பக்கத்தில் ஓர் உருவம் ஒல்லியாக நீண்டு தெரிந்தது. அம்மா! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். உங்களை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை அப்பா.

திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று பயந்தேன். திரும்பவே இல்லை. அந்த ஒரே வண்ணத்தைக் கெட்டியாகக் குழைத்து, போசிக்குள் அவளை வரைந்தேன். இத்தனை நாள் இப்படித்தான் அழுதிருப்பாளோ, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோதெல்லாம்?

படம் காய்கிறது. உங்கள் இலைக்கு முன்னால் வைப்பேன். அடுத்த முறை அவள் அழுதால், படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், திரும்பிவிடுவேன் அப்பா. சத்தியம்.

உங்கள் மகள்,
அம்மாவுக்கும் மகள்தான்.