ஆண்டவருக்கு வாடகை சோஃபா

நவம்பர் 30, ஞாயிறு

ஆண்டவர் வருகிறாராம். பூசையில் ஃபாதர் அறிவித்தார். எங்கள் கோயிலில் மேலே இருப்பவரும் ஆண்டவர், பிஷப்பாகிய ஆயரும் ஆண்டவர். மேலே இருப்பவர் எப்போது வருவாரோ தெரியாது. ஆயர் பதினான்காம் தேதி பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க வருகிறார், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். "வீட்டையும் உள்ளத்தையும் ஆயத்தம் செய்யுங்கள்" என்றார் ஃபாதர். என் வீட்டுக்காரர் தனசேகரன் 'வீட்டையும்' என்றதுமே எழுந்து பெயிண்ட் கடைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 3

முன்னறைக்கு மட்டும் பெயிண்ட். அடுப்படி கரியோடே கிடக்கிறது. ஆயர் அங்கே வரமாட்டாராம். கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில் வேறு. ஆயருக்குச் சர்க்கரை வியாதி என்று ஊருக்கே தெரியும்!

முன்னறைக் கட்டிலில் மாமனார், வாதம் வந்து கிடக்கிறார். "ஆண்டவர் வராரு" என்று இவர் ஊரெல்லாம் போன் போட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"சுதா, எனக்காவா வராரு? நான் நன்ம வாங்கி ரொம்ப நாளாச்சே."

மேலே இருப்பவர் நற்கருணை அப்பமாக, நன்மையாக, வீடு தேடி வருகிறார் என்று நினைத்துவிட்டார். இல்லை மாமா, ஆயர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உடனே தம்பிக்குப் போன் போடச் சொன்னார், வரப்புத் தகராறில் வருடக்கணக்காகப் பேசாத தம்பி. "தப்பு எம்மேலதான்டா" என்று அழுகிறார். இந்த வீட்டில் உள்ளத்தை ஆயத்தம் செய்தது அவர் ஒருவர்தான். நான்? மீன் எங்கே வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 6

வாடகை சோஃபா வந்துவிட்டது. கட்டில் இருந்தால் அதற்கு இடமில்லை.

"அப்பாவ உளுந்தூர்பேட்ட தங்கச்சி வூட்ல வுட்டுட்லாம், ரெண்டு நாளு. வாட வேற அடிக்கிது."

அடிக்கிதா! தெனம் தொடைக்கிறவ நானு. எனக்கு அடிக்காத வாட உனக்கு அடிக்கிதா? ஆண்டவர் வராருன்னு காத்துக்கினு கெடக்குற மனுஷன ஆண்டவருக்காகவே வெளிய தள்ளணுமா? எந்த ஊர் நியாயம் இது?

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அருள்மொழி மூடுகிற மாதிரி ஜன்னலை நன்றாகத் திறந்தாள்.

டிசம்பர் 8

மாமாவுக்கு நன்மை கொண்டுவரச் சொல்லி ஃபாதரிடம் கேட்டேன்.

"ஆண்டவர் வருகை முடியட்டும்மா, அப்பறம் பாக்கலாம்."

அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

"எங்க வூட்ல கட்டில நகத்த முடியாதுங்க ஃபாதர். சாப்பாட வேற எங்கனா வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலத்துக்குள் சாப்பாடு அருள்மொழி வீட்டுக்குப் போய்விட்டது, பின்னாலேயே வாடகை சோஃபாவும் தேன் பாட்டிலும். இவர் என்னோடு பேசுவதில்லை. அதுவும் ஒரு சுகம்தான்.

டிசம்பர் 12

மாமா சவரம் செய்துவிடச் சொன்னார், ஆண்டவர் வருகிறாராம். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே, ஆண்டவரே.

டிசம்பர் 14, ஞாயிறு

தெருவே அருள்மொழி வீட்டில். இவரும்தான், போட்டோவில் நிற்க. மடத்து சிஸ்டர் அமிர்தத்திடம் நேற்றுப் போய் அழுதிருந்தேன். பூசை முடிந்ததும் அவரே நன்மையோடு வந்தார். வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, ஒரு தம்ளர் தண்ணீர். மாமா நடுங்கிக்கொண்டே நாக்கை நீட்டினார். அழுதார். நானும் அழுதேன்.

இவர் திரும்பி வந்தபோது மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"யாரு வந்தது?"

"ஆண்டவர்."

"நம்ம வூட்டுக்கா? அங்க சாப்ட்டுக்கினு இல்ல இருக்காரு! போட்டோ எடுத்தியா?"

மாமா கண்ணைத் திறந்தார். "ஒன்னத் தேடுனேன்டா. நீ இல்ல. ஒனக்கும் சேத்து வாங்கிக்கினேன்."

இவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார்.

டிசம்பர் 15

காலையில் வெந்நீரோடு முன்னறைக்குப் போனேன். இவர் மாமாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். சொல்ல எனக்கு எத்தனையோ வந்தது. வெந்நீரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.