செருப்புக்குள் இருந்த கண்ணாடி இரும்பு

என் சின்ன மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஒரு வாரமாகக் காய்ச்சல். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதாக எழுது, பொய்யானாலும் பரவாயில்லை.

போன செவ்வாய்க்கிழமை உன் பெரியம்மாவோடு துணிக்கடைக்குப் போனேன், உன் அண்ணன் மகளுக்குக் கவுன் பார்த்தோம், விலை பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பினோம். வெளியே போகிற வாசலை நான் தாண்டினதும், திருட்டைப் பிடிக்க அங்கே நிறுத்தியிருக்கிற ரெண்டு கம்பமும் கீ கீ என்று கத்தின. மேனேஜர் ஓடி வந்து, மெஷின் பொய் சொல்லாது பாட்டி, பையைக் காட்டுங்க என்றான். பாட்டியாம், அவனுக்கே பாதித் தலை வழுக்கை. நாற்பது பேர் பார்க்கப் பையைக் கவிழ்த்தான், இருமல் மாத்திரைதான் விழுந்தது. உன் பெரியம்மா நாலடி தள்ளி நின்று, நான் தனியாத்தான் வந்தேன் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, இதுவும் பொண்ணா என்று கேட்டவள், முப்பத்திரண்டு வருஷமாகிறது, நான் மறக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன், சத்தமில்லை, செருப்பை மட்டும் தள்ளினேன், கத்தியது. போன வருஷம் அதே கடையின் செருப்புப் பிரிவில் வாங்கினது, அன்றைக்கு அந்தக் கம்பங்கள் ரிப்பேர் என்று துணி போர்த்தியிருந்தது, கல்லாவில் இருந்தவள் போனில் சிரித்துக்கொண்டே பில் போட்டாள், எல்லாம் சொன்னேன். பில் இருக்கா என்றான். கடைசியில் போங்க என்று ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினான்.

வீட்டில் செருப்பின் உள்அட்டையைக் கிழித்தால் சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளை டப்பி, உள்ளே பளபளவென்று உன் கம்பெனியில் நீ செய்கிற அதே இரும்பு ரிப்பன். சுற்றுகிற சக்கரத்தில் இரும்புக் குழம்பை ஊற்றி இமைக்கிறதுக்குள் ஆற வைத்தால், அணுவெல்லாம் வரிசையில் நிற்க நேரமில்லாமல் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும் என்றாயே, உன் அப்பா வீட்டு ஆட்கள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். டிரான்ஸ்பார்மருக்குள் வைத்தால் கரண்ட் வீணாகாது, டப்பியில் வைத்தால் வாசல் காந்தம் பட்டதும் நடுங்கிக் காட்டிக்கொடுக்கும், பில் போடும்போது கல்லாப் பலகையில் ஒரு தடவை தேய்த்தால் வாயை மூடிக்கொள்ளும். அந்தத் தேய்ப்பைத்தான் அந்த மகராசி மறந்தாள்.

அதற்குள் உன் பெரியம்மா தெரு முழுக்க என்னைத் திருடியாக்கிவிட்டாள். அதனால் டப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு தினம் பதினோரு மணிக்கு அந்த வாசலில் நடக்கிறேன். கத்தும், கூட்டம் திரும்பும், நான் டப்பியைக் காட்டி நடந்ததைச் சொல்வேன். மேனேஜர் தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தனுப்பினான், திருப்பிவிட்டேன். நாற்பது பேர் முன்னால் கெடுத்த பேரை நாற்பது பேர் முன்னால்தான் தர வேண்டும். நேற்று வாசலுக்கே வந்தான், வேடிக்கை பார்க்க உன் பெரியம்மாவும் ஆஜர். எல்லாருக்கும் கேட்க, அம்மா மேல தப்பே இல்லீங்க, இந்தத் தகடுதான் மட்டமான சரக்கு, தானா கத்துது என்றான். கூட்டம் கைதட்டியது. அதோடு நான் வீட்டுக்கு வந்திருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மக செய்யிற தகடு ஒரு வருஷம் காலில் மிதிபட்டும் வேலையை மறக்கல, உன் கல்லாதான்டா மறந்துச்சு, திருத்திச் சொல்லு என்றேன். முடியாது என்றான். அப்படிப்பட்ட மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நாளைக்கும் போகிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இரு. அந்த ரிப்பன் ஓரம் பிளேடு மாதிரி என்றாயே, கையுறை போடாமல் தொடாதே.

இப்படிக்கு,
உனக்காக இன்னும் திருடியாகவே இருக்கும்
அம்மா