அனுப்பாத ஒலி

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

வணக்கம். தங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கடைக்காரர் சொல்ல மறுத்துவிட்டார். கமிஷனுக்கு விற்றுத்தரும் பொருள் என்றால் அதன் சொந்தக்காரர் யார் என்று வாங்க வருபவர்களிடம் அவர் சொல்வதில்லையாம். கேள்வி இருந்தால் எழுதிக் கொடுக்கலாம், சேர்த்துவிடுவார். விற்று முடிந்துவிட்டால் அதோடு அவரவர் வழி அவரவருக்கு. “நான் என்ன வாத்தியக் கடை வெச்சிருக்கேனா, தபாலாபீஸ் வெச்சிருக்கேனா?” என்று அலுத்துக்கொண்டே ஓர் உறையையும் எடுத்துக் கொடுத்தார். அதனால்தான் இந்தக் கடிதம்.

மழைக்கு ஒதுங்கித்தான் அந்தக் கடைக்குள் போனேன். சுவரோரம் கடைசியாகச் சாய்த்து வைத்திருந்தது தங்களுடைய பழைய ஜப்பான் பாஸ் கிட்டார். நடுவில் தேன் நிறம். ஓரத்துக்குப் போகப் போகக் கருகிய சர்க்கரைப் பாகு நிறம். தலைப்பகுதியில் இருந்த கம்பெனிப் பெயரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். தோள்வார் மாட்டும் திருகு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கீழ்ப்பக்கம் கொம்பு போல நீளும் ஓரத்தில் இருக்கிறது. “இடதுகைக்காரர் திருப்பிப் போட்டு வாசிச்சதும்மா, அதான் வர்றவன் எல்லாம் தொட்டுப் பாத்துட்டுப் போயிடறான்” என்றார் கடைக்காரர்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். என் அண்ணனிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. அவனும் இடதுகைக்காரன். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலையில் வீட்டைவிட்டுப் போனான், பிறகு வரவில்லை. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாதவள் ஏன் கேட்கிறாள் என்று தாங்கள் நினைக்கக்கூடும், அதற்காகச் சொன்னேன்.

வாங்கலாமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. கழுத்து வளையாமல் இருக்கிறதா? எவ்வளவு காலமாகத் தங்களிடம் இருக்கிறது? யாரிடமிருந்து வாங்கினீர்கள்? ஏன் விற்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு விருப்பமில்லை என்றால் பதில் வேண்டாம். மற்றவற்றுக்குச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வாங்க யோசிப்பவள்

*

மதிப்பிற்குரிய ஐயா,

கடைக்காரர் போனில் பேசும்போது தவறிப்போய் “அவரு” என்று சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை அம்மாவை எடுத்துவிட்டேன்.

தங்கள் பதில் அவர் வாய்வழியாகக் கிடைத்தது. “ஆள் அதிகம் பேச மாட்டாரும்மா. கழுத்து நேராத்தான் இருக்கு, மழைக்காலத்துல மட்டும் கொஞ்சம் வளையும்னாரு. ஏன் விக்கறீங்கன்னதுக்கு, விரல் மரத்துப் போகுதுன்னாரு.” அவ்வளவுதான். எவ்வளவு காலமாக, யாரிடமிருந்து என்ற கேள்விகள் வழியிலேயே எங்கோ தொலைந்துவிட்டன போலிருக்கிறது.

விரல் மரத்துப்போவதை அலட்சியமாக விடாதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கால் விரலில் தொடங்கிப் பிறகு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. அப்பா இப்போது இல்லை. கடைசியில் அதிகம் கஷ்டப்படவில்லை. காலையில் காபி குடித்தார், பேப்பரை மடித்து வைத்தார், போய்விட்டார். தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கடைக்காரரிடம் கேட்டு, கிட்டாரைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். பெட்டியோடு தூக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கி வருவது போல இருந்தது. பெட்டியைத் திறந்ததும் பழைய வார்னிஷும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. கம்பிகள் வந்து முடியும் இடத்தில் வெள்ளியாய் ஒரு தகட்டு மூடி இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்தேன். அதற்கடியில் சத்தத்தை மட்டுப்படுத்த ஒரு பஞ்சுப் பட்டை இருக்குமாம். இதில் பஞ்சு இல்லை. நீல ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருக்கிறது.

அண்ணன் வீட்டில் இருந்த காலத்தில் எங்கள் அம்மாவின் நீலச் செருப்பு ஒன்றில் குதிகால் பக்கம் திடீரென்று காணாமல் போனது. தெருநாய்தான் கடித்துப்போட்டது என்று அம்மா முடிவுகட்டி, அந்த நாய்க்கு வைக்கும் சோற்றைப் பல நாள் நிறுத்திவிட்டாள். பாவம், அதுவும் வாசலில் வந்து நின்று என்ன தப்பு செய்தோம் என்று பார்க்கும். அண்ணன் மட்டும் யாருக்கும் தெரியாமல் தன் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அதற்கு வைப்பான். ஏன் அவனுக்கு மட்டும் அவ்வளவு இரக்கம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தகட்டைக் கழற்றியபோது புரிந்தது.

ஆகவே இது அவனுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. தாங்கள் யார் என்பதில்தான் இருக்கிறது.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வேன். நான் எந்த ஒலியும் அனுப்பாதபோதே சிலர் அழுத்துவார்கள். பொய் சொல்வதில்லை. கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் அவர்களுக்கு நிஜமாகவே கேட்கிறது. அவர்களிடம், “கேட்டா மட்டும் அழுத்துங்க, அவசரமே இல்ல” என்பேன். இத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொன்னதை இப்போது எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடதுகைக்காரர்கள் உலகத்தில் எவ்வளவோ பேர். பழைய பொருள் நாலு கை மாறித்தான் வரும். மரத்துப்போகும் விரலும் யாருக்கும் வரலாம்.

அப்பா அண்ணனிடம் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. அப்பா கட்டட மேஸ்திரி. “கம்பின்னா கட்டடத்துக்குப் போடணும்டா, தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியக் கூடாது.” இதைச் சாப்பாட்டு வேளைதோறும் சொல்வார். கடைசியில் ஒரு நாள், இந்த வீட்டில் ஒன்று அது இருக்கும், இல்லை நான் இருப்பேன் என்றார். மறுநாள் காலை அண்ணன் கிட்டாரை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆம்ப்ளிஃபயர் மட்டும் கனமாக இருந்ததால், பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று விட்டுப்போனான். அது இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது. ஆள் யாரும் வரவில்லை.

நேற்று மத்தியானம் அதை இறக்கித் துடைத்து, கிட்டாரைச் செருகினேன். கொஞ்ச நேரம் கரகரத்தது, பிறகு உயிர் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருப்பதிலேயே தடித்த கம்பியை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். அம்மா அறை ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கியது. நாலு கம்பியில் அந்த ஒரு சுருதிக்குத்தான் அந்தக் கண்ணாடி அப்படி நடுங்கும்.

அம்மாவுக்கு இப்போது காது சரியில்லை. மெல்லிய குரல்கள் எதுவும் எட்டுவதில்லை. நான் பேசுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். ஆனால் இந்த மாதிரிக் கனத்த ஒலி கட்டில் வழியாகவும் எலும்பு வழியாகவும் போய்விடும். புத்தி நன்றாகத் தெளிவாக இருக்கிறது, அதில் ஒரு குறையும் இல்லை. படித்துக்கொண்டிருந்த பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள், “குண்டூசிய மொதல்ல சாப்பிட்டுட்டு வாசிக்கச் சொல்லு.”

குண்டூசி என்றால் என் அண்ணன். அத்தனை ஒல்லி. வீட்டில் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கும் அவன் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தான், வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று. அதை முன்பின் தெரியாதவருக்கு எழுத முடியாது.

இவ்வளவு எழுதியது அதிகம் என்றால் மன்னிக்கவும். அந்தச் செருப்புத் துண்டைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அதே வாங்க யோசிப்பவள்

*

அன்புள்ள

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.

கடைக்காரர் இன்று போன் செய்தார். என் கடிதத்தைக் கொடுத்த பிறகு ரொம்ப நாள் தங்களிடமிருந்து சத்தமே இல்லையாம். பிறகு ஒரே ஒரு வார்த்தை வந்ததாம். “சும்மாவே குடுத்துருங்கன்னுட்டாரும்மா! என் கமிஷனைக்கூட அவரே தர்றாராம். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இப்படி ஒரு கிறுக்கனைப் பாத்ததில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கும் கிறுக்குப் பிடிக்க வெச்சுருவீங்க. எடுத்துக்கங்க, சுபமா முடிச்சுக்கலாம்.”

அந்த “முடிச்சுக்கலாம்” என்ற வார்த்தையில்தான் எனக்குப் பயம் வந்தது. நான் காசு கொடுத்து வாங்கினாலும் முடிந்தது, சும்மா வாங்கிக்கொண்டாலும் முடிந்தது. அதற்குப் பிறகு கடைக்காரர் என் உறையை வாங்க மாட்டார். தாங்கள் இருக்கும் திசைகூட எனக்குத் தெரியாமல் போகும். கூடத்தில் ஒரு கிட்டார் இருக்கும், அவ்வளவுதான். இப்போதே அது இருக்கும் இருப்பு சரியில்லை. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். தெருவில் லாரி போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, ஜன்னல் நடுங்கினால் யாரும் தொடாமலே அந்தத் தடித்த கம்பி முனகுகிறது. அம்மா போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் பார்ப்பதைப் பார்த்தால், “புழுக்கமா இருக்கு” என்கிறாள்.

ஜன்னலைப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன். அண்ணன் வாசிக்கும் காலத்தில் கண்ணாடி நடுங்கக் கூடாது என்று அப்பா ஒரு சட்டைப் பெட்டி அட்டையை மடித்துச் சட்டத்துக்குள் செருகி வைத்திருந்தார். “தூங்க விடறானா பாரு” என்று திட்டிக்கொண்டே செருகுவார். அண்ணன் போன பிறகு ஒரு நாள் அந்த அட்டையை அவரே உருவிவிட்டார். அதற்குப் பிறகு லாரி போனாலும், இடி இடித்தாலும், அந்தக் கண்ணாடி அதிரும். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை நிற்கும். வாசல் பக்கம் பார்ப்பார். பிறகு, “லாரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிடுவார். கடைசி வரை அப்படித்தான். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது, யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாமலிருந்தது.

நான் முடிவுசெய்துவிட்டேன். வாங்கப் போவதில்லை. இனாமாகவும் வேண்டாம். விற்காத பொருளை அதன் சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கிறது. கடைக்கே போய் அதைக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, “சரி, உங்க வீட்டையே என் குடோன்னு வெச்சுக்கறேன், அவரை அங்க வந்தே எடுத்துக்கச் சொல்றேன்” என்றார். நல்ல மனுஷர். வீட்டு விலாசத்தை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. தெரிந்தவருக்குத் தேவையில்லை. தெரியாதவர் என்றால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தாங்கள் நிஜமாகவே அந்நியர் என்றால், அப்போதும் வாருங்கள். இது எப்படித் தங்கள் கைக்கு வந்தது, கொடுத்தவன் அப்போது எப்படி இருந்தான் என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லக் கூடாத செய்தி ஏதாவது இருந்தால் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிடுங்கள். அம்மா காதுக்கு எட்டாது. மெல்லிய குரலில் சொன்னால் போதும்.

ஒருவேளை அப்படி இல்லை என்றால், கேள்வி எதுவும் இருக்காது. அம்மா கேட்க மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். கதவு தட்ட வேண்டியதுகூட இல்லை. கூடத்துக்குள் வந்து அந்தத் தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். கம்பிகளை மாற்றவில்லை. செருப்புத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரையும் துடைத்து வைத்திருக்கிறேன், ஆள் அனுப்ப வேண்டாம்.

கேட்காத ஒலிக்கு யாரும் பொத்தானை அழுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் அழுத்திவிட்டேன். கையை இன்னும் எடுக்கவில்லை.

விரலை டாக்டரிடம் காட்டிக்கொள். பசியோடு வா.

ரேடியோ