சத்தம் அணைத்த வீடு

மார்ச் 4

அக்கா,

இல்ல, போன்ல மைக் கெட்டுப்போகல. நீ சொன்னியேன்னு கடையில கொடுத்துப் பார்த்தேன். அங்க இருந்தவன் தெருவுக்கே கேக்குற மாதிரி "ஹலோ ஹலோ"ன்னு கத்திக் காட்டிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தான். போனும் நல்லாருக்கு, சிக்னலும் நல்லாருக்கு. உன் பொண்ணு, நம்ம பொடிசுதான் சத்தம் போடல.

வீடியோவுல உன்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து திறந்து மூடுறாளே, நமக்குத்தான் கேக்கலன்னு ரெண்டு பேரும் நினைச்சோமே, அது அப்படி இல்ல. நேத்து அவ வாய்கிட்ட காதை வெச்சுப் பார்த்தேன். காத்து மட்டும்தான் வருது.

இதை போன்லயே சொல்லியிருப்பேன். சொன்னா நீ அழுவ, நீ அழுதா எனக்கு மூளை வேலை செய்யாது. அதான் பேனா எடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டப்புறம் இவ்ளோ நீளமா எழுதுறது இதான் முதல் தடவை. தப்பெல்லாம் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பாத.

ஏன் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். அத்தான் ராத்திரி பூரா ரொட்டி ஃபேக்டரியில அடுப்பு முன்னாடி நிக்கிறார். பகல்லதான் தூங்கணும். இருக்கிறது ஒண்ணரை ரூம். நீ அனுப்பின பெரிய டிவியை பொடிசு கண்ணுக்கு நேரா நான்தான் மாட்டினேன். ஊரான் வீட்டுக்கெல்லாம் டிவி மாட்டுறவன், நம்ம வீட்டுக்குன்னா விடுவேனா. காலையில அவளுக்குச் சாப்பாடு கொடுத்து, டிவியைப் போட்டு, சத்தத்தை சுத்தமா அணைச்சுட்டு வேலைக்குப் போயிடுவேன். உள்ள அத்தான் தூங்குவார், வெளிய இவ ஆடாம அசையாம பார்த்துட்டு இருப்பா. நீகூட "உனக்கும் மூளை இருக்குடா"ன்ன.

அந்த டிவியில நாள் பூரா எல்லாரும் வாயை அசைக்கிறாங்க. ஒருத்தருக்கும் சத்தம் கிடையாது. நானும் வீட்டுல இருக்கிறப்ப, அத்தான் எழுந்துடுவாரேன்னு "தண்ணி வேணுமா?"ன்னு வாயை மட்டும்தான் அசைப்பேன். அவளும் அசைப்பா. உதட்டைப் பார்த்தே புரிஞ்சுட்டு எடுத்துக் கொடுத்துடுவேன். மூணரை வயசுப் பொண்ணு, பேச்சுன்னா இதான்னு முடிவு பண்ணிட்டா.

வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.

வெளியூர்ல எங்க டிவி கடைக்குப் புதுக் கிளை திறக்குறாங்க, என்னைப் போகச் சொல்றாங்கன்னு சொன்னேன்ல. எனக்கும் இங்க கால் நிக்கல. அதை அப்புறம் பேசிக்கலாம்.

உன் தம்பி


மார்ச் 13

அடேய் தடியா,

உன் கடிதம் வந்தது. நான் அழவில்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அழுதேன். வார்டில் படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு.

இங்கே என் வார்டு முழுக்கக் குழந்தைகள். வாய் ஓயாத கூட்டம். காலில் கட்டுப் போட்டுக்கொண்டே ஒரு பையன் கேட்கிறான், எறும்புக்கு முழங்கால் உண்டா என்று. பதில் தெரியவில்லை என்றால் விடமாட்டான். யார் வீட்டுப் பிள்ளையோ என்னிடம் பேசித் தீர்க்கிறது. என் பிள்ளைக்குக் காத்து மட்டும்தான் வருகிறது என்று நீ எழுதியிருக்கிறாய். அந்த வரியை இன்னொரு முறை படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

உன்னைக் குறை சொல்ல எனக்கு முகம் இல்லையடா. ஊசி போடும்போது நர்ஸுகள் நாங்களும் டிவியைத்தான் காட்டுவோம். பிள்ளை அதில் அப்படியே லயித்துப்போகும், ஊசி இறங்குவதுகூடத் தெரியாது. வலியையே மறக்கவைக்கிறதே, எவ்வளவு நல்ல சாமான் என்று நினைத்துத்தான் அதை வாங்கி அனுப்பினேன். நான் இல்லாத வலியை அவள் மறந்திருக்கட்டும் என்று. வேறு எதையெல்லாம் மறக்கவைக்கும் என்று யோசிக்கவில்லை.

ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பாதியில் கிளம்பினால் மறுபடி சேர்க்க மாட்டார்கள். பரவாயில்லை, வந்துவிடட்டுமா? டாக்டர் என்ன சொன்னார் என்று ஒளிக்காமல் எழுது.

உன் புது வேலையைப் பற்றி: நீ எந்த இடத்திலும் ஒட்டாதவன் என்று எனக்குத் தெரியாதா? போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போகாதேடா.

உன் அக்கா


மார்ச் 22

அக்கா,

முதல்ல ஒண்ணு. உன் கடிதத்தைப் பொடிசு முன்னாடி சத்தம் போட்டுப் படிக்கிறேன். ஏன்னு கீழ சொல்றேன். அதனால 'தடியா'ன்னு ஆரம்பிக்காத. எனக்குன்னு வீட்டுல இருக்கிறதே கொஞ்சூண்டு மரியாதை.

டாக்டர் அம்மா காது பார்த்தாங்க, தொண்டை பார்த்தாங்க. எல்லாம் நல்லாருக்கு. "டிவிதானே கெடுத்துச்சு?"ன்னு கேட்டேன். ஆமான்னு சொல்லிட்டா அந்த டிவியைப் போட்டு உடைச்சுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தேன். அவங்க அப்படி சொல்லல. "டிவி ஓடுற நேரம் பூரா யாரும் அவகூட பேசலையே, அதுதான் கணக்கு. பிள்ளை ஒண்ணு சொன்னா ஒருத்தர் திருப்பி ஒண்ணு சொல்லணும். டிவி சொல்லாது. நீங்களும் சொல்லல"ன்னாங்க. மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா திட்டல. தண்ணி எல்லாம் கொடுத்தாங்க.

கொஞ்ச நாளைக்கு எந்தத் திரையும் வேண்டாமாம். "அவங்க அம்மா வீடியோவுல வருவாங்களே"ன்னேன். "பொதுவா அதுல தப்பில்ல. ஆனா இவளுக்கு இப்ப அம்மாவும் டிவிக்குள்ள வாயசைக்கிற ஒரு ஆள்தான். கொஞ்ச நாள் விட்டுட்டு அப்புறம் பண்ணுங்க"ன்னாங்க. அக்கா, இதை எழுதாம விட்டுடலாமான்னு ரொம்ப நேரம் பேனாவைக் கடிச்சுட்டு இருந்தேன். ஒளிக்காதன்னு நீதான் எழுதியிருந்த. அதனால நீ எழுது, நான் படிக்கிறேன். உன் பேச்சு ஒரு மனுஷன் வாய்ல இருந்து சத்தமா வரட்டும்.

இன்னொண்ணும் சொன்னாங்க. அவ உதட்டைப் பார்க்கக் கூடாது. ஏதாவது கேக்க வந்தா முதுகைக் காட்டிட்டு நிக்கணும். சத்தம் வந்தாத்தான் திரும்பணும். கேக்க சுளுவா இருக்கு. அந்தப் பிள்ளை சட்டையைப் பிடிச்சு இழுக்குறப்ப செஞ்சு பாரு, தெரியும்.

அன்னைக்கே டிவியைக் கழட்டிட்டேன். பொடிசு என் மணிக்கட்டைக் கடிச்சா. பல்லு பதிஞ்சுருச்சு. அப்பக்கூட சத்தம் இல்லக்கா, கண்ணுல தண்ணி மட்டும். அப்புறம் மொட்டைச் சுவர் முன்னாடி போய் உக்காந்தா. அதைப் பார்த்தும் வாயை அசைச்சா.

அத்தான்கிட்ட எல்லாம் சொன்னேன், இனிமே பகல்ல வீடு சந்தைக்கடையா இருக்கும்னு. தலையணையைத் தூக்கிட்டு வந்து பொடிசு பக்கத்துலயே போட்டார். "எனக்குத் தூக்கமாடா பெருசு? இவ கத்தி நான் எந்திரிக்கணும். அப்படி ஒரு நாள் வரட்டும்"னு சொல்லிட்டே படுத்தார். சொல்லி முடிக்கல, குறட்டை. வீட்டுல சத்தம்னு இருக்கிறது இப்போதைக்கு அது ஒண்ணுதான்.

வந்துடவான்னு கேட்டிருக்க. தெரியலக்கா. நிஜமா தெரியல.

உன் தம்பி


ஏப்ரல் 2

அடேய் தடியா,

தடியா என்றுதான் ஆரம்பிப்பேன். உன்னைத் திட்டாமல் கடிதம் எழுதினால் அது நான் எழுதியது என்று என் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அதையும் நீ பாட்டுக்கு ஒப்புக்குப் படிக்காதே. வாசலில் நின்று நான் கூப்பிடுவேனே, 'தடியாஆ' என்று கடைசியில் இழுத்து, அப்படிப் படி. மானம் போனால் போகட்டும்.

திரையில் வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னது சரிதான். நான் ஒத்துக்கொள்கிறேன். தினமும் அந்த நேரம் வந்ததும் கை தானாகப் போனை எடுக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.

இனி வருவது பொடிசுக்கு. அவளை மடியில் வைத்துக்கொண்டு படி.

கண்ணு, அம்மா டிவிக்குள்ளே இல்லை. அம்மா ரொம்ப தூரத்தில் ஒரு வீட்டில் இருக்கிறேன். அந்த வீட்டில் நிறையக் கட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. ஒரு பிள்ளை என்னிடம் எறும்புக்கு முழங்கால் உண்டா என்று கேட்டான். அம்மாவுக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் சொல்கிறாயா? மாமா காதில் சொல். சத்தமாகச் சொல். அப்பா எழுந்தாலும் திட்ட மாட்டார்.

தம்பி, இனி உனக்கு. மாதக் கடைசிக்குள் நான் இருக்கிறேனா, போகிறேனா என்று இங்கே சொல்லியாக வேண்டும். என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீ அவளைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாய். வா, வராதே. ஒரே வார்த்தை எழுது. அதன்படி செய்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

ஒரே வார்த்தையில எழுத முடியாது. கேளு.

உன் கடிதத்தை அவ விடவே இல்ல. கசங்கிப்போச்சு. நான் குளிக்கிறப்ப, சாப்பிடுறப்ப, செருப்பு மாட்டுறப்ப எல்லாம் கொண்டுவந்து நீட்டுறா. நானும் நீ சொன்ன மாதிரியே 'தடியாஆ'ன்னு இழுத்துப் படிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை யாரோ கூப்பிடுறாங்கன்னு ரெண்டு தடவை வந்து சொன்னார். எறும்பு தேடி ரெண்டு பேரும் தரையில படுத்தே கிடக்கிறோம். முழங்கால் இருக்கான்னு இன்னும் சரியாத் தெரியல, ஒண்ணும் நின்னு காட்ட மாட்டேங்குது.

போன வாரம் டிவி இருந்த இடத்துல ஒரு பலகை அடிச்சேன், உன் கடிதம் எல்லாம் வைக்க. டிரில்லை ஓட்டினேன். அவ பயந்து ஓடல, கிட்ட வந்து சுவத்துல கன்னத்தை வெச்சுட்டு நின்னா. நிறுத்தினேன். சத்தம் நிக்கல. பார்த்தா, அவ. "டர்ர்ர்"ன்னு, எச்சில் தெறிக்க. நான் ஏணியில இருந்து விழாததுதான் மிச்சம். திரும்ப ஓட்டினேன், அவளும் ஓட்டினா. சுவத்துல தேவையில்லாத ஓட்டை நிறைய. நீ வந்து திட்டிக்கோ.

நேத்துதான் விஷயம். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அத்தான் தரையில தூங்குறார். நான் பாத்திரம் கழுவிட்டு இருக்கேன். பின்னாடி வந்து சட்டையை இழுத்தா. தண்ணி வேணும்னு தெரியும். நான் திரும்பல. திரும்ப இழுத்தா. திரும்பல. அப்புறம் இழுக்குறதை விட்டுட்டா. போயிட்டான்னு நினைச்சேன். இதுக்கு மேல என்னால ஆகாது, அக்காவை வரச் சொல்லிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

அப்ப வாசப்பக்கம் இருந்து குரல். "தடியாஆ."

அக்கா, அப்படியே நீ. கடைசியில இழுக்குறது உட்பட.

நான் திரும்புறதுக்குள்ள அத்தான் துள்ளி எழுந்துட்டார். வேட்டியைப் பிடிச்சுட்டே வாசலுக்கு ஓடுறார். "உங்க அக்கா வந்துட்டாளாடா? சொல்லவே இல்லையே"ன்னு வெளிய எட்டிப் பார்க்கிறார். வெளிய யாரும் இல்ல. கீழ பார்த்தார். பொடிசு கையை இடுப்புல வெச்சுட்டு நிக்கிறா. அவர் அங்கேயே வாசப்படியில உக்காந்துட்டார். நான் தண்ணி எடுத்துட்டுப் போனேன், அதை அவர் வாங்கிக் குடிச்சுட்டார். பொடிசுக்கு வந்துச்சு பாரு கோபம், இன்னொரு தடவை "தடியாஆ"ன்னா. அவரைச் சொன்னாளா என்னைச் சொன்னாளான்னு இன்னும் தகராறு.

ஒரே ஒரு வார்த்தைதான், தலையில தூக்கி வெச்சு ஆடாதே. டாக்டர் அம்மாவும் இன்னும் நிறைய நாள் பிடிக்கும்னாங்க. ஆனா குரல் இருக்கு. உன் குரல்.

அதனால ஓடி வராத. முடிச்சுட்டு வா. மிச்சம் அஞ்சு மாசமும் நாங்க பார்த்துக்குறோம். நாங்கன்னா நானும்தான். புதுக் கிளைக்கு வேற ஒருத்தனை அனுப்பிட்டாங்க. நான்தான் அவன் பேரைச் சொன்னேன். பெருசா எடுத்துக்காத, எனக்கு எறும்பு வேலை பாக்கி இருக்கு.

அப்புறம் இன்னொரு விஷயம், அடுத்த கடிதத்துலயாவது கொஞ்சம் மரியாதையா வேற ஒரு வார்த்தை

இரு. வாசல்ல நின்னு கூப்பிடுறா. நான் போகணும்.