மாமாவின் தொண்டையில் இருந்த பூஞ்சை

செவ்வாய், இரவு

இன்றைக்கு மாமா அரை தம்ளர் சாயா குடித்தார். வலிக்காமல் இறங்குகிறது என்று அவரே சொன்னார்.

சர்க்கரை உள்ளவர். தொண்டையில் பூஞ்சை வந்து, எச்சில் விழுங்கவே தவித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அதற்கு மாத்திரை கொடுத்தது நான்தான். கொஞ்சமும் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நாத்தனார் கமலாக்கா வார்டில் எல்லாரும் கேட்க, "மாத்திரையை ஒழுங்கா குடுத்தியாடி?" என்றாள். குடுத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. தன் அப்பாவின் கட்டிலருகே நின்ற என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மலையாளி டாக்டரம்மா மாமாவின் தொண்டையிலிருந்து எடுத்த பூஞ்சையை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்தை ஊசியில் ஏற்றினார். இன்று கமலாக்கா அவரிடமே கேட்டாள். "மாத்திரை விட்டுப்போனதாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

"அல்ல சேச்சி. அந்தப் பூஞ்சையோட ஜீன் முழுசும் வாசிச்சுப் பார்த்தோம். மாத்திரை போய்ப் பிடிக்கிற இடமே அதுல மாறியிருக்கு. வேற நோயாளிங்ககிட்டயும் இதே பூஞ்சை இருக்கு. இவருக்குத் தொத்தும்போதே இப்படி மாறித்தான் வந்திருக்கு. பெட்டி பெட்டியா குடுத்திருந்தாலும் செத்திருக்காது."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

போட்டில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். படகுத்துறையில் இறங்கியதும் கமலாக்கா என் பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் இவர், "நான் அன்னிக்கே உனக்காகப் பேசியிருக்கணும்" என்றார்.

பேசியிருக்கலாம்தான். சண்டை போட இன்றைக்குத் தெம்பில்லை. மாமா நாளைக்குக் கஞ்சி வேண்டுமென்று கேட்டிருக்கிறார். அரிசி ஊறப்போட்டுவிட்டேன். கண் சொக்குகிறது.