அடிக்கல்லைத் தொடாதே

எக்கா,

இன்று காலையில் சன்னலைத் திறந்ததுமே அந்த நாற்றம் வந்துவிட்டது. டீசல் புகையும் கிளறிய சேறும் சேர்ந்த நாற்றம். போன வாரம் தாராவியில் நம் சந்துக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்று வடிந்தது. அதனால் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கால்வாயில், நம் நாலாவில், மறுபடியும் பொக்லைனை இறக்கியிருக்கிறார்கள்.

நீங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அந்த வருஷமும் இப்படித்தான், வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள் வண்டி வந்தது. அதிகாரி கரையில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். மராத்தி வாசிக்கத் தெரிந்தவர் நம் வரிசையில் நீங்கள் ஒருவர்தான்.

"ஏட்டி, வெள்ளம் கொண்டாந்து போட்டத மட்டுந்தான் அள்ளணுமாம். அடியில கெடக்க பழைய கல்லத் தொடக் கூடாதாம். கரைச்சுவரு அது மேலதான் நிக்கி" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் ஏறாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இதை இந்த அம்மா ஏன் தடுக்கிறாள்? அந்த அதிகாரியோடு சிரித்துச் சிரித்து என்ன பேசினாள்? இப்படியெல்லாம் உங்களைப் பற்றி நினைத்தேன். உங்கள் வீட்டுத் தரை என் தரையைவிட ஒரு முழம் உயரம். என் வீடு முங்கினால் உங்களுக்கென்ன? நேருக்கு நேராகக் கேட்டும்விட்டேன்.

"ஒன் வீட்டுத் தண்ணியில எனக்கு என்னட்டி லாபம்? மீனா பிடிக்கப் போறேன்?"

சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வீம்பில்தான், நீங்கள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, டிரைவருக்கு ஏலக்காய் தட்டிப் போட்டுச் சாயா கொடுத்தேன். "பையா, இன்னும் ஆழமா" என்று கையால் காட்டினேன். கருங்கல் ஒவ்வொன்றாக மேலே வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பெருமழையில் சுவர் சாய்ந்தது. என் பக்கம் அல்ல, உங்கள் பக்கம். அடுக்களை அப்படியே நாலாவுக்குள் போனது. மிச்சப் பாத்திரங்களோடு நீங்கள் அம்பர்நாத்துக்கு, மகன் வீட்டுக்குப் போனீர்கள். கல்லை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்கவே இல்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ? நீங்கள் இறந்துபோன சேதி வந்த அன்றும் அந்தச் சந்தேகம் என்னை விடவில்லை.

இன்று, பிறகு மறுபடி அடிக்கல் போட்டுக் கட்டிய புதுச்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மருமகள் சன்னலில் தலையை நீட்டினாள்.

"பாட்டி, இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லுங்க!"

"கூடாது. வெள்ளம் போட்டத எடுத்தாப் போதும்" என்றேன். டிரைவருக்கும் போதும் என்று கையைக் காட்டினேன்.

அவள் உள்ளே திரும்பி மாமியாரிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. "கெழவி ஆபீசர்ட்ட என்னமோ வாங்கியிருக்கா, அத்த."

எழுந்து போய் நாலு வார்த்தை கேட்க வாய் துடித்தது. நான் அந்தப் பக்கம் போனால் டிரைவர் கல்லில் கை வைத்துவிடுவான். நாற்காலியை இன்னும் கொஞ்சம் நாலா ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன், எக்கா.